ஐந்தே நாளில் விழுந்த கோட்டை: படைப் பொறியியல் என்பது என்ன வேலை?

உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "படைப் பொறியியல் என்றால் பாலம் போடுவதும் குண்டு எடுப்பதும்தானா? குடிசார் பொறியியல் படித்த ஒருவரால் அதைச் செய்ய முடியாதா? கோட்டை கட்டுவது, கண்ணிவெடி புதைப்பது, ரோட்டுப் போடுவது எல்லாம் எப்படி ஒரே துறைக்குள் வந்தன?"

தம்பியும் திருமலைதான் (திருகோணமலை) என்று எழுதியிருந்தபடியால் உதாரணத்துக்கு நான் அதிகம் வெளியே போகப் போவதில்லை. பிரெட்றிக் கோட்டையில் தொடங்கி, துறைமுகத்தைச் சுற்றி, சீனன்குடா போய், கிண்ணியா வரை ஒரு நாள் சைக்கிளில் சுற்றினால் இந்தத் துறையின் நானூறு வருடச் சரித்திரம் வழி நெடுக நிற்கிறது. நான் குடிசார் பொறியியலில் டிப்ளோமா முடித்து, வன்னியில் மிதிவெடி அகற்றும் வேலையில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு, இப்போது பால வேலைத் தளங்களில் இருக்கிறேன். எந்தப் படையிலும் இருந்ததில்லை. படைகள் மண்ணுக்குள் விட்டுப்போனதை எடுத்தவன் என்ற இடத்தில் நின்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பெயரைப் பார்ப்போம். நாங்கள் "குடிசார் பொறியியல்" என்கிறோமே, ஏன் "குடிசார்"? ஐரோப்பாவில் எஞ்சினியர் என்ற சொல் நீண்ட காலம் படையாளைத்தான் குறித்தது: கோட்டை கட்டுபவர், முற்றுகைக்குச் சுரங்கம் தோண்டுபவர், எறிபொறி செய்பவர். 18ஆம் நூற்றாண்டில் ஜோன் ஸ்மீற்றன் என்ற ஆங்கிலேயர், தான் கலங்கரை விளக்கமும் பாலமும் வாய்க்காலும் கட்டுகிறவர், படைக்கு வேலை செய்கிறவர் அல்ல என்று பிரித்துக்காட்டத்தான் தன்னைக் குடிசார் எஞ்சினியர் என்று சொல்லிக்கொண்டார். ஆகவே தாய்த் துறை படைப் பொறியியல், பிரிந்து வந்த பிள்ளைதான் குடிசார் பொறியியல். தமிழிலும் "பொறி" என்ற சொல் பழைய இலக்கியத்தில் மதில் மேல் ஏற்றி வைத்த போர்க்கருவிகளுக்கு வழங்கியிருக்கிறது. மதிலை வளைத்துப் போரிடுவது உழிஞை, உள்ளே நின்று காப்பது நொச்சி என்று இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்த மொழி இது. இந்த இரண்டு பக்கத்தையும் ஒரே ஆள் படிக்க வேண்டியிருப்பதுதான் படைப் பொறியியலின் விசேஷம். மதில் எப்படி உடையும் என்று தெரியாதவரால் மதில் கட்ட முடியாது.

சரி, இந்த வேலையின் மையம் எது? பாலம், வெடி, கோட்டை எல்லாம் பார்க்க வேறு வேறாகத் தெரியும். அவற்றின் கீழே இருப்பது ஒன்றுதான்: நேரம். தன் ஆட்களுக்கு நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுப்பது, எதிராளியின் நேரத்தைத் தின்பது. ஆற்றைக் கடக்க இரண்டு நாள் ஆகும் இடத்தில் இரவோடிரவாகப் பாலம் போட்டால் இரண்டு நாள் இலாபம். எதிரி வரும் வழியில் பாலத்தை உடைத்தாலோ பள்ளம் வெட்டினாலோ கண்ணிவெடி விதைத்தாலோ அவனுக்கு இரண்டு நாள் நட்டம். கோட்டையும் அப்படித்தான். எந்த மதிலும் எந்தக் காலத்திலும் எதிரியை நிரந்தரமாக நிறுத்தியதில்லை, உதவிப்படை வந்து சேரும்வரை தாக்குப்பிடிப்பதுதான் அதன் வேலை.

இதற்கு 1782ஆம் ஆண்டு திருமலையை விட நல்ல பாடம் வேறு எங்கும் இருக்குமோ தெரியாது. அந்த ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து இன்று பிரெட்றிக் கோட்டை என்று நாங்கள் சொல்லும் கோட்டையைப் பிடித்து, சிறிய காவல்படை ஒன்றை விட்டுவிட்டுப் போனார்கள். நாகப்பட்டினத்துக் கடலில் ஜூலையில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் ஒரு சண்டை நடந்தது. அதில் அடிபட்ட கப்பல்களைப் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் கடலூரில் வேகமாகத் திருத்திக்கொண்டு, ஆகஸ்ட் 25 அன்று திருமலைக்கு முன்னால் வந்து நின்றார். மறுநாள் படையை இறக்கி, தரைப்பக்கத்தில் பீரங்கி மேடைகள் கட்டினார். 29ஆம் தேதி பீரங்கிகள் பேசத் தொடங்கின. 30ஆம் தேதி கோட்டை சரணடைந்தது, அடுத்த நாள் உள்துறைமுக வாயைக் காத்த ஒஸ்ரன்பேர்க் கோட்டையும் போய்விட்டது. ஆங்கிலேயக் கப்பற்படையுடன் அதன் தளபதி ஹியூஸ் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது செப்டெம்பர் 2 இரவு! கோட்டை மூன்றே நாள் கூடுதலாகத் தாங்கியிருந்தால் கதை வேறு. செப்டெம்பர் 3 அன்று கடலில் சண்டை பிடித்தார்கள், முடிவு கிடைக்கவில்லை. வாடைக்காற்றுக் காலத்தில் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்கள் ஒதுங்க ஒரு துறை கிடையாது, திருமலையும் கையை விட்டுப் போய்விட்டது, ஆகவே ஹியூஸ் பம்பாய் வரை ஓட வேண்டியதாயிற்று. மூன்று நாள் பற்றாமல் போனதற்கு ஒரு முழுக் கடற்படை இந்தியாவைச் சுற்றிப் போனது.

அந்தக் கோட்டை ஏன் இவ்வளவு கெதியாக விழுந்தது என்று யோசித்தால் பொறியியல் தொடங்குகிறது. கோணேசர் கோயிலுக்குப் போகிற எல்லோரும் அந்த வாசலால்தான் போகிறோம். போர்த்துக்கேயர் 1622இல் கோயிலை இடித்து, அந்தக் கற்களையே எடுத்து இரண்டு வருடத்துக்குள் கட்டிய கோட்டை. வாசலில் இரட்டைக் கயலும் "முன்னே குளக்கோட்டன்" என்று தொடங்கும் கல்வெட்டும் பதிந்திருப்பது அதனால்தான். ஒரு வழிபாட்டிடத்தின் தூணை மதிலுக்குக் கல்லாகப் பார்ப்பதும் இந்தத் தொழில் செய்த காரியம்தான், அதை மறைத்துவிட்டு இந்தத் துறையைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இடத் தெரிவு என்று பார்த்தால் அபாரம். மூன்று பக்கமும் கடல், கோயில் பக்கத்தில் செங்குத்தான மலை, நிலத்தோடு சேரும் கழுத்து மட்டும் குறுகலானது. காவலையெல்லாம் அந்தக் கழுத்தில் குவித்தால் போதும் என்று கணக்குப் போட்டார்கள். அங்குள்ள மதிலைக் கவனித்தால் தெரியும், உயரத்தை விட அகலம்தான் முக்கியமாக இருக்கும். பழைய காலத்து உயரமான மெல்லிய மதில் அம்புக்கும் ஏணிக்கும் சரி, பீரங்கிக் குண்டு பட்டால் உடைந்து சரியும், சரிந்த கல்லே எதிரிக்குப் படிக்கட்டாகிவிடும். அதனால் பீரங்கிக் காலத்தில் மதில் தாழ்ந்தது, தடித்தது. இரண்டு கல் முகங்களுக்கு நடுவே மண்ணை இறுக்கி நிரப்பினார்கள், குண்டின் வேகத்தை மண் வாங்கிக்கொள்ளும். மூலைகளில் கூர் நீட்டிய கொத்தளங்கள் வந்தன. நேர் மதிலின் காலடியில் வந்து ஒட்டிக்கொள்ளும் எதிரியை மேலே நிற்பவனால் சுட முடியாது, பக்கத்துக் கொத்தளத்தில் நிற்பவனால் முடியும். ஒவ்வொரு மதிலையும் அதன் அயல் மதில் காக்கிறது. வடிவியல் பிடிக்கும் தம்பிக்கு இது நிச்சயம் பிடிக்கும், நட்சத்திர வடிவக் கோட்டைகள் வந்தது அழகுக்காக அல்ல, மறைவு மூலை ஒன்றுகூட மிஞ்சக்கூடாது என்ற கணக்கால்.

பலவீனம் எங்கே? பெரிய கோட்டை வெளிக்குடாவைப் பார்த்து நிற்கிறது. கப்பல்கள் ஒதுங்கும் உள்துறைமுகத்தின் வாயைக் காப்பதோ தள்ளி மேட்டில் இருக்கும் ஒஸ்ரன்பேர்க். இரண்டுக்கும் நடுவே நகரமும் மேடுகளும். ஒன்றுக்கு ஆபத்து என்றால் மற்றது கை கொடுக்க முடியாது. சிறிய காவல்படையை இரண்டாகப் பிரித்தால் இரண்டுமே பலமிழக்கும். நிலப்பக்கத்தில் பீரங்கியை ஏற்றி நிறுத்தும் அளவுக்கு எதிரியைக் கரையிறங்க விட்டுவிட்டால் மதிலுக்கு நாள் எண்ண வேண்டியதுதான். 1795இல் சென்னையிலிருந்து வந்த ஆங்கிலேயப் படை இதே வழியில்தான் வந்தது. மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்தார்கள், மதிலில் வாய் திறந்ததும் ஒல்லாந்தர் கோட்டையைக் கொடுத்துவிட்டார்கள். பிரெட்றிக் என்ற பெயர் அதற்குப் பிறகு, 1803இல் வந்தது.

முற்றுகை போடும் பக்கத்தின் வித்தையையும் சொல்லிவிடுகிறேன். கோட்டையை நோக்கி நேராக ஓடினால் செத்தீர்கள். ஆகவே மண்ணை வெட்டி அகழிக்குள் இருந்தபடியே முன்னேற வேண்டும். அகழி நேராகப் போனால் மேலிருப்பவன் அதன் நீளத்துக்குச் சுடுவான், அதனால் வளைந்து வளைந்து போக வேண்டும். கொஞ்சத் தூரம் போனதும் கோட்டைக்கு இணையாகக் குறுக்கே ஒரு நீள அகழி வெட்டி அதில் ஆட்களையும் பீரங்கியையும் சேர்த்து, அங்கிருந்து மறுபடி வளைந்து முன்னேற வேண்டும். பிரெஞ்சுக்கார வோபான் 1673இல் மாஸ்ட்ரிக்ட் நகர முற்றுகையில் இந்த இணை அகழி முறையை ஒழுங்குபடுத்தினார். அதன்பிறகு முற்றுகை என்பது ஏறத்தாழ ஒரு வேலை அட்டவணை ஆகிவிட்டது, இத்தனை நாளில் இந்தக் கோட்டை விழும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. அந்த அகழியைத் தோண்டியவனுக்கு வந்த பெயர்தான் சப்பர். இன்றைக்கும் படைப் பொறியியல் பிரிவின் சாதாரணச் சிப்பாய்க்கு பல நாடுகளில் அதே பெயர்தான்.

சப்பர் என்றதும் தமிழர்களுக்குச் சொந்தமான ஒரு கதை இருக்கிறது. 1780இல் சென்னையில் தொடங்கிய மெட்ராஸ் சப்பர்ஸ் இன்று பெங்களூரில் இருக்கும் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப். இந்திய இராணுவத்தில் அவர்களை எல்லோரும் கூப்பிடும் பெயர் "தம்பி"! தமிழ் பேசுகிறவர்கள் நிறைந்த படை என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். முள்ளுக்கம்பி வேலியைத் தூரத்தில் இருந்தே உடைக்க, குழாய்களை ஒன்றோடொன்று பொருத்தி வேலிக்கு அடியில் தள்ளி வெடிக்க வைக்கும் "பெங்களூர் டோர்பிடோ" என்ற கருவி 1912இல் அவர்களோடு வேலை செய்த ஒரு அதிகாரி கண்டுபிடித்தது, இரண்டு உலகப் போரிலும் அது பயன்பட்டது. 1944இல் இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடத்தில் அந்தப் படையின் சுபேதார் சுப்பிரமணியன், கூட நின்றவர்களைக் காப்பாற்ற வெடிக்கப்போன மிதிவெடி மேல் தன் உடம்பைப் போட்டு உயிரை விட்டார். ஜோர்ஜ் கிராஸ் பதக்கம் அவருக்குப் பிறகு வந்தது. மிதிவெடி வேலையில் இருந்தவன் என்பதால் அவர் பெயரை நான் மறப்பதில்லை.

இப்போது பாலம். குடிசார் பொறியாளர் ஒரு பாலத்தை நூறு வருடத்துக்கு வடிவமைக்கிறார், மண் பரிசோதனை, வெள்ளக் கணக்கு, கேள்வி மனு எல்லாம் முடிந்து வேலை தொடங்கவே வருடங்கள் போகும். படைப் பொறியாளரிடம் இருப்பது ஒரு இரவு, சில லொறி, ஒரு கூட்டம் ஆட்கள். அவர் கேட்கும் கேள்வியே வேறு: எத்தனை தொன் வாகனம் போக வேண்டும், எத்தனை மணிக்குள், எத்தனை நாளைக்கு? இந்தக் கேள்விக்கு மிக நல்ல பதில் எழுதியவர் டொனால்ட் பெய்லி. அவர் பிரிட்டிஷ் படைத்துறையில் வேலை செய்த சிவில் ஊழியர், சிப்பாய் அல்ல. இரண்டாம் உலகப் போருக்காக அவர் வரைந்த பாலத்தின் அடிப்படைத் துண்டு 10 அடி நீளமான இரும்புச் சட்டகம், எடை சுமார் 260 கிலோ. ஆறு பேர் சேர்ந்தால் தூக்கலாம், சாதாரண லொறியில் ஏற்றலாம், ஒன்றோடொன்று ஆணி செருகிப் பூட்டலாம். கிரேன் வேண்டாம், ஒட்டு வேலை வேண்டாம். பாரம் கூடுதலாகத் தாங்க வேண்டுமா, பக்கவாட்டில் இன்னொரு வரிசை பூட்டு. இன்னும் கூட வேண்டுமா, மேலே ஒரு அடுக்கு பூட்டு. ஒரே துண்டை வைத்துச் சிறிய வாய்க்காலுக்கும் பெரிய ஆற்றுக்கும் பாலம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதை ஆற்றுக்கு மேல் அனுப்பும் விதம். பாலத்தை இந்தக் கரையிலேயே உருளைகள் மேல் பூட்டுகிறார்கள். அதன் முன் நுனியில் தளம் எதுவும் இல்லாத, இலேசான ஒரு மூக்கைப் பூட்டி, எல்லாவற்றையும் சேர்த்து ஆற்றை நோக்கித் தள்ளுவார்கள். மூக்கு அந்தரத்தில் நீண்டுகொண்டே போகும். அது அக்கரை உருளையைத் தொடும்வரை, இக்கரையில் இருக்கும் பின்பகுதியின் எடையும் தூரமும் சேர்ந்து தரும் திருப்புதிறன் முன்பகுதியினதை விட எப்போதும் கூடுதலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாம் ஆற்றுக்குள் குப்புற விழும். உயர்தரத்தில் படிக்கும் திருப்புதிறன் கணக்குத்தான் இது, வேறொன்றுமில்லை. மூக்கு அக்கரையில் ஏறியதும் அதைக் கழற்றிவிட்டு, தளப் பலகை போட்டால் லொறி போகலாம். எண்பது வருடம் கழிந்தும் இது பழசாகவில்லை. 2025 நவம்பர் கடைசியில் திட்வா புயல் நாடு முழுக்கப் பாலங்களை அடித்துக்கொண்டு போன பிறகு, துண்டிக்கப்பட்ட ஊர்களைச் சேர்க்க வந்தது பெய்லி பாலங்கள்தான். இந்திய இராணுவப் பொறியாளர்கள் கிளிநொச்சியில் வந்து போட்டதைப் பலர் பார்த்திருப்பீர்கள்.

கிண்ணியாக்காரருக்கு இது வெறும் தகவல் அல்ல. 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை "பாதை" என்று நாங்கள் சொல்லும் மிதப்பில்தான் வாகனமும் ஆட்களும் கடந்தார்கள். அப்புறம் குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டுவதற்காகப் பழையது போனபோது, இடைக்காலத்துக்கு மறுபடி ஒரு பாதை ஓடியது. 2021 நவம்பர் 23 காலையில் அது கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பிள்ளைகளும் உயிரிழந்தார்கள். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வரும் எண்ணம் ஒன்றுதான்: தற்காலிகக் கடவையும் ஒரு வடிவமைப்பு. படைப் பொறியியலில் எந்தத் தற்காலிகப் பாலத்துக்கும் மிதப்புக்கும் முன்னால் மஞ்சள் வட்டத்தில் ஒரு எண் எழுதி நிறுத்துவார்கள், அந்த எண்ணைத் தாண்டிய பாரம் ஏறக்கூடாது. கடவையில் நிற்கும் ஆள் எத்தனை பேர் ஏறினார்கள், எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று எண்ணி நிறுத்துவார், அவர் சொல்லுக்கு மேலதிகாரியும் கட்டுப்பட வேண்டும். போர்க்களத்தில் ஒரு லொறிக்குக் கொடுக்கும் அந்தக் கவனத்தைச் சமாதான காலத்தில் பள்ளிப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டும் என்று கேட்பது பெரிய கேள்வி இல்லை.

மிதப்பு என்றதும் துறைமுகத்துக்குள் கிடக்கும் இன்னொரு பாடம் ஞாபகம் வருகிறது. 1944 ஆகஸ்ட் 8. கப்பலைத் தண்ணீருக்கு மேல் தூக்கித் திருத்தும் பிரமாண்டமான மிதக்கும் தளம் ஒன்று உள்துறைமுகத்தில் நின்றது. வலியன்ட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலை அதில் ஏற்றித் தூக்கத் தொடங்கினார்கள். கப்பலின் எடை நடுவே அழுத்த, தளத்தின் தண்ணீர்த் தொட்டிகளை வெறுமையாக்கும் ஒழுங்கு அந்த எடைக்குப் பொருந்தாமல் போனது. தளத்தின் முதுகு முறிந்து, கப்பலும் கடுமையாகச் சேதப்பட்டது. அன்று எதிரி விமானம் வரவில்லை, குண்டு விழவில்லை. பாரம் எங்கே இருக்கிறது, தாங்குதல் எங்கிருந்து வருகிறது என்ற ஒரு கணக்குப் பிசகியதுதான் காரணம்.

எதிரி வந்தபோது தாங்கிய வடிவமைப்பும் இங்கேயே இருக்கிறது. சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள். தலைக்கு சுமார் 12,000 தொன் கொள்ளும், இப்போது 99 நிற்கின்றன. புதிதாகப் பார்க்கிறவர்கள் ஏன் இப்படி ஏக்கர் கணக்கில் காட்டுக்குள் சிதறிக் கிடக்கின்றன, ஒரே இடத்தில் அடுக்கியிருந்தால் குழாய்ச் செலவு மிச்சமே என்று கேட்பார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருமலையைத் தாக்கியபோது ஒரு தாங்கி பற்றியெரிந்தது. மற்றவை மிஞ்சின. குழாய்ச் செலவு கூடினாலும் சரி, ஒன்று போனால் ஒன்றோடு போகட்டும் என்ற கணக்கு. போர்க்கப்பல்களில் பெரும்பாலானவற்றையும் தாக்குதலுக்கு முன்பே துறைமுகத்தை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒளித்தல், பரப்புதல், மண்ணுக்குள் புதைத்தல் என்று இந்தத் துறையில் பெரிய ஒரு பகுதி இதுதான். வன்னியில் பனங்குற்றியும் மண்மூட்டையும் அடுக்கிச் சனங்கள் வீட்டு வளவுக்குள் வெட்டிய பங்கரும் இதே அறிவுதான். கூரைக்கு எத்தனை அடி மண், வாசல் ஏன் வளைந்து இருக்க வேண்டும் என்று பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருந்த காலம் அது.

தண்ணீர் சுத்திகரிப்பு, முகாம் கழிப்பறை, மின்சாரம், விமான ஓடுதளம் திருத்துவது, வரைபடம் வரைவது இதெல்லாம் கூட இவர்கள் வேலைதான். குடிசார் வேலையோடு அதிக வித்தியாசம் இல்லாதபடியால் நான் அதற்குள் போகவில்லை.

நான் சொல்ல விரும்பும் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். கோட்டையைப் பார்க்கலாம், பாலத்தைக் கழற்றலாம். கண்ணிவெடி மட்டும் அப்படியில்லை. அது எதிரியின் நேரத்தைத் தின்னப் புதைத்த பொருள், சண்டை முடிந்ததும் தன் வேலை முடிந்தது என்று அதற்குத் தெரியாது. வன்னியில் நாங்கள் எடுத்தவற்றில் பாகிஸ்தானில் செய்த பி4, சீனாவில் செய்த டைப் 72, புலிகள் செய்த ஜொனி 95, ரங்கன் 99 எல்லாம் உண்டு. பி4 கிட்டத்தட்ட முழுவதும் பிளாஸ்ரிக், உள்ளே இருக்கும் உலோகம் மிகக் கொஞ்சம், டிடெக்டருக்குச் சத்தம் வருவதே கஷ்டம். ரங்கன் 99 அதைப் பார்த்துச் செய்தது. ஜொனி மரப்பெட்டிக்குள் இருக்கும். மரம் உக்கிப்போனால் எப்படி இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

வேலை நடக்கும் விதம் வெளியில் நினைப்பது போல் பரபரப்பானது அல்ல. ஒரு மீற்றர் அகலமான ஒழுங்கை, அதற்குள் ஒருவர். சிவப்புத் தடிக்கு அப்பால் அபாயம், இப்பால் துப்புரவான இடம். முகக்கவசமும் மார்புக் கவசமும் போட்டு முழங்காலில் இருந்து, புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரித்து, டிடெக்டர் பிடித்து, சத்தம் வந்தால் பக்கவாட்டில் இருந்து மண்ணைக் கிளறி நெருங்க வேண்டும். டிடெக்டர் உதவாத இடத்தில் றேக் என்று நாங்கள் சொல்லும் நீளப்பிடி விறாண்டியால் ஆழம் அளந்து மண் முழுவதையும் வாரி வருவோம். சித்திரை வெயிலில் ஒரு நாளைக்கு ஒருவர் முடிக்கும் இடம் ஒரு சின்ன அறை அளவுகூட வராது. எங்கள் அணியில் பாதிக்கு மேல் பெண்கள், அதில் பலர் குடும்பத்தைத் தனியாகச் சுமந்தவர்கள். அவர்களுடைய பொறுமையை நான் வேறு எந்த வேலைத்தளத்திலும் இன்றுவரை கண்டதில்லை.

இதில் எங்கள் உயிரைக் காத்தது கவசத்தை விட ஒரு காகிதம்தான். ஒழுங்காகப் பயிற்சி பெற்ற பொறியியல் பிரிவு கண்ணிவெடி வயல் போடும்போது பதிவேடு எழுதும்: தொடக்கப் புள்ளி எது, அங்கிருந்து எந்தத் திசையில் எத்தனை மீற்றர், எத்தனை வரிசை, ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடைவெளி என்ன, மொத்தம் எத்தனை. இராணுவத்தின் வரைபடம் கையில் இருந்தால் இரண்டு மூன்று வெடி எடுத்ததும் ஒழுங்கு பிடிபட்டுவிடும், அடுத்தது எங்கே என்று சொல்லிவைத்து எடுக்கலாம். அப்படிப் போகும்போது வரிசையில் ஒரு இடம் வெறுமையாக இருந்தால்தான் நெஞ்சு இடிக்கும். மாடு மிதித்து வெடித்ததா, மழை வெள்ளம் இழுத்துப் போனதா, யாராவது கிளப்பி வேறு இடத்தில் புதைத்தார்களா? அந்த ஒன்றுக்குப் பதில் கிடைக்கும்வரை சுற்றியுள்ள இடம் முழுவதும் துப்புரவில்லை என்றுதான் கணக்கு.

பதிவேடு இருந்தும் உதவாமல் போன இடமும் உண்டு. ஒரு வரைபடத்தில் தொடக்கப் புள்ளி "பெரிய புளியமரம்" என்று இருந்தது. நாங்கள் போனபோது அங்கே மரமே இல்லை, ஷெல் விழுந்து போனதோ விறகுக்குப் போனதோ, அடிக்கட்டைகூட மிஞ்சவில்லை. அந்த ஒரு மரம் இல்லாததால் முழு வரைபடமும் அந்தரத்தில் மிதந்தது. ஊர் வயதானவர் ஒருவரைக் கூட்டிவந்து, பழைய கிணற்றுக் கட்டிலிருந்து காலடி எண்ணி மரம் நின்ற இடத்தைக் காட்டச் சொன்னோம். அவர் காட்டிய இடத்திலிருந்து அளந்து போனபோது முதல் வரிசை மூன்று மீற்றர் வித்தியாசத்தில் கிடைத்தது. மரத்துக்குப் பதில் ஒரு மதகையோ கற்தூணையோ குறித்திருந்தால் எங்களுக்கு மூன்று வாரம் மிச்சம். சண்டையின் கடைசிக் காலத்தில் அவசர அவசரமாகப் புதைத்துவிட்டுப் பதிவே எழுதாமல் போன இடங்களில் வாரக் கணக்கு மாதக் கணக்காயிற்று. எந்தப் பக்கம் புதைத்தது என்பது மண்ணுக்குத் தெரியாது, விறகு பொறுக்கப் போன பிள்ளைக்கும் தெரியாது. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. என் மனதில் அது இந்தத் தீவில் எழுதப்பட்ட நல்ல கையெழுத்துகளில் ஒன்று.

ஆகவே தம்பியின் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: முடியும், குடிசார் பொறியியல் படித்தவரால் இதில் முக்கால்வாசி செய்ய முடியும். திருப்புதிறன், பொருட்களின் வலிமை, மண் இயக்கவியல், நீரியல், நில அளவை இவைதான் இரண்டுக்கும் அடி. மீதிக் கால்வாசி பழக்கத்தால் வருவது. முழுத் தகவல் இல்லாமல் முடிவெடுப்பது, கையில் இருக்கும் பொருளை வைத்தே வடிவமைப்பது, தான் கட்டுவதை யார் எப்படி உடைப்பார் என்று எதிராளியின் தலையால் யோசிப்பது. படையில் சேர வேண்டுமா என்பது தம்பியும் வீட்டாரும் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம், எங்கள் ஊரில் அந்தக் கேள்வி எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும், அதில் நான் தலையிடவில்லை. படையில் சேராமலே இந்த அறிவு தேவைப்படும் இடங்கள் ஏராளம்: வெள்ள நிவாரணம், அணை உடைப்பு, தற்காலிகப் பாலம், மிதிவெடி அகற்றல்.

படிக்கப் போகும் இடத்தில் நில அளவையை மட்டும் ஏனோதானோ என்று விட்டுவிடாதீர்கள் தம்பி. வகுப்பில் அது சலிப்பான பாடமாகத்தான் இருக்கும், வெயிலில் நின்று தடி பிடிக்க வேண்டும். வன்னியில் ஒரு காணியை முடித்துக் கையளிக்கும் நாளில், உரிமையாளர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, நாங்கள் எல்லோரும் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு அந்த மண் மேல் வரிசையாக ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு நடந்து காட்டுவோம். அப்போது காலுக்குக் கீழே எங்களுக்கு இருந்த ஒரே துணை, ஒவ்வொரு மூலைக்கும் எழுதி வைத்த அந்த அளவுகள்தான்.